எழுபத்திரண்டு மணி நேரம்

என் அக்காவுக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. அது போனதில் சர்க்கரை வியாதிக்கு ஒரு பங்கு உண்டு. முருங்கைத் தோட்டத்தில் கிடந்த துருப்பிடித்த கம்பித் துண்டுக்கு ஒரு பங்கு உண்டு. மீதிப் பங்கு, நோயாளிகளின் சட்ட உரிமைகளைப் பற்றி எனக்கு இருந்த ஆழ்ந்த அறிவுக்கு.

அந்த அறிவு வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். பத்திரிகைகளில் சிரிப்பாக எழுதுகிறவன் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. யாரும் சிரித்து நான் நேரில் பார்த்ததில்லை. ஒரு வாரம் எழுத எதுவும் கிடைக்காமல், அரசாங்கம் வெளியிட்டிருந்த நோயாளிகளின் உரிமைப் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு கட்டுரை எழுதினேன். தனக்கு என்ன வியாதி என்று புரியும் மொழியில் தெரிந்துகொள்ளும் உரிமை, தன் சம்மதம் இல்லாமல் கத்தி வைக்கப்படாமல் இருக்கும் உரிமை, இன்னொரு மருத்துவரிடம் கருத்துக் கேட்கும் உரிமை, சிகிச்சைக் காகிதங்களின் நகலை வாங்கிக்கொள்ளும் உரிமை. ஒவ்வொன்றுக்கும் ஒரு நகைச்சுவைச் சம்பவத்தைச் சேர்த்திருந்தேன். எல்லாம் கற்பனை. ஏனென்றால் அதுவரை நான் எந்த மருத்துவரிடமும் "சரிங்க டாக்டர்" என்பதைத் தவிர வேறு வார்த்தை பேசியதில்லை.

கட்டுரையைப் படித்துவிட்டு கோயமுத்தூரில் ஒரு வாசகர் வட்டம் கூப்பிட்டுப் பேசச் சொன்னது. நாற்பது நிமிடம் பேசினேன். முடிவில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு ரிட்டயர்டு மில் மேலாளர் எழுந்து, "அதெல்லாம் சரிங்க. கேட்டா டாக்டரு கோவிச்சுக்க மாட்டாருங்களா?" என்றார். கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். "சட்டம் நம்ம பக்கம் இருக்கறப்ப அவர் கோவிச்சா நமக்கென்னங்க?" என்றேன். கைதட்டினார்கள். பிறகு போண்டா கொடுத்தார்கள். அன்றைக்கு அந்த அரங்கில் உருப்படியாகப் பேசியவர் அந்த மில் மேலாளர் ஒருவர்தான் என்று இப்போது தோன்றுகிறது.

அக்கா வெள்ளகோவில் பக்கம் தோட்டத்தில் தனியாக இருந்தாள். மாமா காலமாகிப் பல வருடங்கள் ஆகிவிட்டன. ஒரே மகன் வெளிநாட்டில். அவள் என் கட்டுரைகளைப் படிப்பாள், ஆனால் பாராட்டமாட்டாள். "எப்பப் பாரு உன்னையவே கிண்டல் பண்ணிக்கறே. மத்தவங்களுக்கும் கொஞ்சம் மிச்சம் வெய்யி" என்பாள். அந்த உரிமைக் கட்டுரையை மட்டும் கத்தரித்து எடுத்து, பால் சொசைட்டிப் புத்தகத்துக்குள் மடித்து வைத்திருந்தாள். அது எனக்கு அப்போது தெரியாது.

கம்பி குத்திய புண்ணுக்கு அவளே மஞ்சள் வைத்து, அவளே துணி கட்டி, அவளே இரண்டு வாரம் நொண்டி, கட்டை விரல் கறுத்த பிறகு எனக்குப் போன் செய்தாள். "கொஞ்சம் நாத்தமடிக்குதுடா. நாய் கூடப் பக்கத்துல வர யோசிக்குது." ஒரு ஞாயிற்றுக்கிழமை காரில் கூட்டிக்கொண்டு கோவைக்கு வந்தேன்.

இங்கே எங்கள் ஊர்ப் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். நாங்கள் ஆஸ்பத்திரிக்குச் சும்மா போகமாட்டோம். சொல்லிவிட்டுப் போவோம். அதாவது, நமக்குத் தெரிந்த ஒருவர் அவருக்குத் தெரிந்த டாக்டரிடம், "நம்ம ஆளுங்க வர்றாங்க, பாத்துக்கங்க" என்று ஒரு வார்த்தை சொல்லிவைக்க வேண்டும். அப்படிச் சொல்ல ஆள் இல்லாதவனுக்கு உடம்புக்கு வந்தால் அதைவிட அவமானம் வேறில்லை. எனக்கு ஆள் இருந்தார். என் மகளின் மாமனார். பொள்ளாச்சியில் கொப்பரை வியாபாரம். ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சர்ஜன் அவருடன் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர். சம்பந்தி ஒரு போன் போட்டார். வரிசை இல்லை, டோக்கன் இல்லை, வாசலுக்கே சக்கர நாற்காலி வந்தது. சர்ஜனின் அறையில் எனக்கு நாற்காலி போட்டு, பீங்கான் கோப்பையில் டீ கொடுத்தார்கள். என் வாழ்க்கையில் அவ்வளவு மரியாதையாக நான் மாட்டிக்கொண்டது இல்லை.

திங்கட்கிழமை காலையில் சர்ஜன் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். "ரத்தக்கொழா அடைப்பு மேல வரைக்கும் போயிருக்குதுங்க சார். வெரலோட நிக்காதுங்க. முட்டிக்குக் கீழ எடுத்துறதுதான் சேப்டிங்க. மூணு நாள்ல, வெசாலக்கெழமை காலையில போட்டுக்கலாமுங்க."

"சரிங்க டாக்டர்" என்றேன்.

அறைக்குத் திரும்பியபோது அக்கா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"என்ன சொல்றாரு?"

சொன்னேன். முழங்காலைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கையால் காட்டினேன். அவள் அந்த இடத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பையிலிருந்து பால் சொசைட்டிப் புத்தகத்தை எடுத்து, அதற்குள்ளிருந்து என் கட்டுரையை எடுத்து, போர்வைமேல் நீவி வைத்தாள்.

"நீதான எழுதியிருக்கறே, இன்னொரு டாக்டருகிட்டக் கேக்கறதுக்கு நமக்குப் பாத்தியதை இருக்குதுன்னு?"

"ஆமாங்க்கா."

"கேளு. அவரும் வெட்டோணும்னு சொன்னா வெட்டிப்போடட்டும். நான் ஒண்ணும் அழுவ மாட்டேன். இந்தக் காலு இல்லாட்டித் தோட்டத்துக்குள்ள போக முடியாது, அது எனக்குத் தெரியும். அதனால ரெண்டு பேரு சொல்லட்டும். அவ்வளவுதான்."

அவள் என்னிடம் எதையும் கேட்டவள் இல்லை. அந்த ஒன்றைத்தான் கேட்டாள்.

கேட்பது கஷ்டமும் இல்லை. ரத்தக்குழாய் அடைப்பை மட்டும் பார்க்கிற டாக்டர் ஒருவர் அதே ஊரில் வேறொரு இடத்தில் மாலையில் உட்காருவார் என்று நண்பர் ஒருவர் சொன்னார். சில பேருக்கு அடைப்பை எடுத்துவிட்டு விரலோடு நிறுத்தியிருக்கிறாராம். எல்லாருக்கும் முடியாது, ஆனால் பார்த்தால்தானே தெரியும். நோயாளியைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதில்லை, ஸ்கேனும் கேஸ் ஷீட்டும் போதும்.

திங்கட்கிழமையே அதைக் கேட்டிருக்க வேண்டும். ஆனால் பகல் பதினொரு மணிக்குச் சம்பந்தி ஒரு குலை இளநீரோடு பொள்ளாச்சியிலிருந்து வந்துவிட்டார். அறைக்குள் வந்து ஏசியைத் தட்டிப் பார்த்தார். ஜன்னலைத் திறந்து பார்த்தார். தான் கட்டிக்கொடுத்த வீடு மாதிரி ஒரு திருப்தி முகத்தில்.

"ஏனுங்க சம்மந்தி, எல்லாஞ் சவுகரியம்தானுங்களே? நம்ம டாக்டர் நல்லாப் பாக்கறாருங்களா?"

"நல்லாப் பாக்கறாருங்க."

"அவன் கைபட்டா அப்பறம் பேச்சே இல்லீங்க. நம்பி உட்றலாம்."

அவரை உட்கார வைத்துக்கொண்டு, "உங்கள் சிநேகிதர் சொல்வது சரியா என்று வேறொருவரிடம் கேட்கப்போகிறேன்" என்று எப்படிச் சொல்வது? விருந்துக்கு உட்கார்ந்த வீட்டில், பக்கத்து ஹோட்டலில் இருந்து சாம்பார் வாங்கிவரச் சொல்லி இலையில் ஊற்றி ஒப்பிட்டுப் பார்ப்பது போன்ற வேலை அது. என் மகள் அந்த வீட்டில்தான் வாழ்கிறாள். அவர் சாயங்காலம் வரை இருந்தார். நான் சாயங்காலம் வரை இளநீர் குடித்தேன். அக்கா என்னைப் பார்த்தாள், கட்டுரையைப் பார்த்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை எனக்குள் இருந்த எழுத்தாளன் விழித்துக்கொண்டான். அவன் விழிக்கும்போதெல்லாம் வீட்டில் யாருக்காவது கெடுதல் நடக்கும். வாயால் கேட்டால் தட்டிக்கழித்துவிடுவார்கள், எழுத்தில் கொடுக்க வேண்டும் என்று அவன் முடிவெடுத்தான். ஆஸ்பத்திரி கேண்டீனில் உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதினேன். விதிமுறைப்படி நோயாளியோ அவருடைய பிரதிநிதியோ மருத்துவப் பதிவேடுகளைக் கோரினால் எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் வழங்கப்பட வேண்டும் என்று குறிப்பிட்டேன். மூன்று முறை திருத்தினேன். இரண்டாவது பத்தியில் ஒரு சொல் இரண்டு இடத்தில் வந்திருந்தது. அதை மாற்றுவதற்கு ஒரு காபி ஆயிற்று. மனசாட்சிக்கு விரோதமில்லாமல் சொல்கிறேன், நல்ல கடிதம். கொண்டுபோய்க் கொடுக்கும்போது மாலை ஐந்து மணி.

பதிவேட்டுப் பிரிவில் இருந்த பெண்ணுக்கு முப்பது வயது இருக்கும். கடிதத்தை இரண்டு கையாலும் வாங்கினாள். முழுக்கப் படித்தாள். என் எழுத்தை இவ்வளவு கவனமாக யாரும் படித்ததில்லை.

"தாராளமா வாங்கிக்கலாமுங்க சார். வெள்ளிக்கெழமை சாயந்தரம் அஞ்சு மணிக்கு வந்துருங்க."

"வெள்ளிக்கிழமையா? வியாழக்கிழமை காலையில ஆப்பரேசனுங்க அம்மணி."

"எழுவத்திரெண்டு மணி நேரமுன்னு நீங்களே போட்டிருக்கறீங்களே சார்."

"அது... அதுக்குள்ள குடுக்கோணும்னு அர்த்தமுங்க. நாளைக்கே கூடக் குடுக்கலாமில்லீங்களா?"

அவள் உண்மையிலேயே வருத்தப்பட்டாள். அதுதான் எனக்கு இன்னமும் தாங்கவில்லை.

"சார், நீங்க வார்டு சிஸ்டருகிட்ட வாயில கேட்டிருந்தீங்கன்னா அவங்களே ஜெராக்ஸ் எடுத்துக் குடுத்துப்போட்டிருப்பாங்க. தெனமும் நாலு பேரு வாங்கிட்டுத்தான் போறாங்க. எழுத்துல வந்துருச்சுன்னா நாங்க லீகல் டிபார்ட்மெண்டுக்கு அனுப்போணுமுங்க. அங்கிருந்து கையெழுத்தாகி வந்தாத்தான் இனி யாரா இருந்தாலும் குடுக்க முடியுமுங்க. சிஸ்டருக்கும் சொல்லிருவோமுங்க."

"கடிதத்தைத் திருப்பிக் குடுத்துருங்க."

"சீல் வெச்சுட்டேனுங்களே சார்."

சீல் வைத்திருந்தாள். தேதியும் நேரமும் போட்டு எனக்கு ஒரு நகல் கொடுத்தாள். பெற்றுக்கொண்டதற்கு அத்தாட்சி வாங்க மறக்காதீர்கள் என்று நான் கட்டுரையில் தடித்த எழுத்தில் போட்டிருந்தேன்.

கோயமுத்தூரில் 'முடியாது' என்ற சொல்லுக்கும் மரியாதை சேர்த்துத்தான் கொடுப்பார்கள். முடியாதுங்க. அதை வாங்கிக்கொண்டு சண்டை போட முடியாது. நன்றி சொல்லிவிட்டுத்தான் வர முடியும். நான் நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

புதன்கிழமை காலை சர்ஜன் அறைக்கு வந்தார். அக்காவின் கால்கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, வெளியே போகிற வழியில் என் தோளில் கை வைத்தார்.

"ஏதோ லெட்டர் குடுத்திருக்கறீங்களாமாங்க சார்?"

"சும்மா ஒரு பார்மாலிட்டிங்க டாக்டர்."

"தாராளமா இன்னொருத்தரையும் பாக்கலாமுங்க. உங்க உரிமைங்க அது. ஆனா ஒரு நாள் தள்ளுனா செப்டிக்கு மேல ஏறலாமுங்க. அப்பறம் முட்டிக்குக் கீழயா மேலயான்னு நான் கேரண்டி சொல்ல முடியாதுங்க. நீங்க யோசிச்சுச் சொல்லுங்க. நான் ஒண்ணும் தப்பா எடுத்துக்கலீங்க."

அவர் சொன்னது உண்மையாகவும் இருக்கலாம். அதைத் தெரிந்துகொள்ளத்தான் எனக்கு அந்தக் காகிதங்கள் வேண்டியிருந்தன.

அவர் லிப்டில் இறங்கிப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது, சம்பந்தி போன் செய்தார். கோபம் இல்லை. கோபமாக இருந்திருந்தால் நானும் கோபப்பட்டிருப்பேன், ஒருவேளை ஏதாவது நடந்திருக்கும்.

"ஏனுங்க சம்மந்தி, உங்களுக்கு மனசுக்குப் புடிக்கலீன்னா எங்கிட்டச் சொல்லியிருக்கலாமுங்களே. லீகலு அது இதுன்னு போயிட்டீங்களாமா. அவன் எனக்குப் போனப் போட்டு, உன்ற சம்மந்தி எம்மேல கேஸ் போடப்போறாரான்னு கேக்கறான். எனக்கு என்ன பதில் சொல்றதுன்னே தெரியலீங்க. நான் ஏதாச்சும் தப்புப் பண்ணியிருந்தா மன்னிச்சுக்கங்க."

மன்னிப்பு அவர் கேட்டார். பதிலுக்கு நான் ஏழெட்டு முறை கேட்டேன். அப்படியெல்லாம் இல்லீங்க, டாக்டர்மேல முழு நம்பிக்கைங்க, கடிதத்தை யாரும் பெரிசா எடுத்துக்க வேண்டாமுங்க என்றேன். மருமகனிடம் சொல்லிவிட வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டேன். அக்கா மகனுக்குப் போன் செய்தேன். அவன் அங்கே ஏதோ கூட்டத்தில் இருந்தான். "நீங்க பாத்துக்கங்க மாமா. இதெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும். நீங்க எழுதியே இருக்கறீங்களே" என்றான்.

மதியம் அக்கா கேட்டாள்.

"அந்த டாக்டரைப் பாத்தியாடா?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பி இளநீர் வெட்டிக்கொண்டிருந்தேன். சம்பந்தியின் குலையில் கடைசி இளநீர்.

"பாத்தேனுங்க்கா."

"காயிதமெல்லாங் காட்டுனியா?"

"காட்டுனேன்."

"என்ன சொன்னாரு?"

"அவரும் இதேதான் சொல்றாருங்க்கா. வேற வழியில்லைங்கறாரு."

இளநீரை டம்ளரில் ஊற்றிக் கொடுத்தேன். அவள் வாங்கிக் குடித்தாள். முழுவதும் குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள்.

"அப்பச் சரி" என்றாள். "ரெண்டு பேரு சொன்னாச் சரியாத்தான் இருக்கும்."

கட்டுரையை மடித்து மறுபடியும் புத்தகத்துக்குள் வைத்தாள்.

அன்று மாலை நர்ஸ் ஒரு படிவத்தோடு வந்து என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டாள். ஆங்கிலத்தில் நான்கு பக்கம். கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருந்தது. அக்காவே போடலாமே என்றேன். பால் சொசைட்டியில் முப்பது வருடமாகக் கையெழுத்துப் போடுகிறவள், பேங்கில் அவள் கையெழுத்தைப் பார்த்து மேனேஜர் பாராட்டியிருக்கிறார்.

"பேசண்டுகிட்ட வேண்டாங்க சார். படிச்சா டென்சன் ஆயிருவாங்க, பிரசரு ஏறிரும். கூட இருக்கற அட்டெண்டர், நீங்க போட்டாப் போதுமுங்க."

ஆறு இடத்தில் போட்டேன். ஒரு வரியில், சிகிச்சையின் விவரங்களும் மாற்று வழிகளும் நோயாளிக்கு அவருடைய மொழியில் விளக்கப்பட்டன என்று இருந்தது. எனக்கு ஆங்கிலம் நன்றாகவே தெரியும். அதனால் படிக்கவில்லை என்று தப்பித்துக்கொள்ளவும் வழியில்லை. நோயாளிக்கு என்ன உறவு என்ற கட்டத்தில் 'தம்பி' என்று எழுதினேன்.

வியாழக்கிழமை காலை அவளைத் தள்ளிக்கொண்டு போகும்போது போர்வைக்கு வெளியே இரண்டு பாதங்களும் தெரிந்தன. ஒன்றில் கட்டு, ஒன்றில் மெட்டி இருந்த தழும்பு. ஆப்பரேஷன் நன்றாக நடந்தது என்று சர்ஜன் வந்து சொன்னார். புண் சீக்கிரம் ஆறியது. அவர் திறமையில் எனக்குச் சந்தேகம் கிடையாது. எடுத்திருக்க வேண்டுமா என்பது ஒன்றுதான் தெரியாது.

வெள்ளிக்கிழமை நாலேமுக்கால் மணிக்குப் பதிவேட்டுப் பிரிவிலிருந்து போன் வந்தது. கடிதத்தில் கேட்ட எல்லாமே தயார். கேஸ் ஷீட், ரத்தப் பரிசோதனைகள், ஸ்கேன் குறுந்தட்டு, பக்க எண் போட்ட பட்டியல். அழகான நீல நிறக் கோப்பு. கெடுவுக்குப் பதினைந்து நிமிடம் முன்னதாகவே கொடுத்துவிட்டார்கள். என் உரிமைகளில் ஒன்றைக்கூட யாரும் மறுக்கவில்லை. நுகர்வோர் நீதிமன்றத்தில் நான் போய் நின்றால், அவர்கள் அந்தக் கோப்பைக் காட்டி என்னிடமிருந்து ஒரு பாராட்டுக் கடிதம் கேட்கலாம்.

ராத்திரிகளில் அக்காவுக்குத் துணைக்குப் படுத்திருந்த என் மனைவி, வீட்டில் கோப்பைப் புரட்டிப் பார்த்தாள்.

"ஏனுங்க, சிஸ்டரு மேசை மேலதான் இந்தப் பேப்பரெல்லாம் எப்பவும் கெடந்துச்சு. நீங்க போன்ல போட்டோப் புடிச்சிருக்கலாமில்லீங்க?"

எனக்குத் தோன்றவே இல்லை. அது சட்டப்படி சரியா என்பதும் சந்தேகம் என்றேன். அவள் அடுப்படிக்குப் போனாள்.

அந்த ரத்தக்குழாய் டாக்டரின் இடத்துக்கு இரண்டு வாரம் கழித்துப் போனேன். டோக்கன் வாங்கி, நீலக் கோப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஒருவர் கட்டுப்போட்ட விரலோடு உட்கார்ந்திருந்தார். விரல் இருந்தது, அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு முன்னால் இரண்டு பேர் இருக்கும்போது எழுந்து வெளியே வந்துவிட்டேன். எடுத்தது சரி என்று அவர் சொன்னால், நான் சொன்ன பொய் நிஜமாகிவிடும், அவ்வளவுதான். எடுத்திருக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அதை எடுத்துக்கொண்டு நான் எங்கே போவது? கோப்பு இப்போது என் அலமாரியில், அந்தக் கட்டுரை வெளிவந்த இதழுக்கு அடியில் இருக்கிறது.

அக்கா தோட்டத்துக்கே திரும்பிவிட்டாள். முருங்கையைக் குத்தகைக்கு விட்டாயிற்று. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, குத்தகைக்காரர் செய்கிற தப்பையெல்லாம் அங்கிருந்தே கத்திச் சொல்கிறாள். பார்க்க வருகிறவர்களிடம் ஒன்று தவறாமல் சொல்கிறாளாம்: "எந்தம்பி சும்மா வெட்ட உடலைங்க. இன்னொரு டாக்டருகிட்டயுங் காட்டி, அவரும் சொன்ன பொறவுதான் உட்டான். அவனுக்குச் சட்டமெல்லாம் அத்துபடி." அந்தப் பக்கத்தில் எனக்கு இதனால் நல்ல பெயர். யாருக்காவது ஆப்பரேஷன் என்றால் என்னைக் கேட்கிறார்கள். "வாயில கேளுங்க. எழுத்துல மட்டும் குடுத்துறாதீங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுகிறேன். மேற்கொண்டு பேச எனக்குத் தைரியம் வருவதில்லை.

போன மாதம் அக்காவே கூப்பிட்டாள்.

"இங்க பக்கத்துத் தோட்டத்துல ஒருத்தருக்கு எனக்கு மாதிரியே காலுல புண்ணு. முட்டியோட எடுக்கோணும்னு சொல்லிப்போட்டாங்களாமா. அவரு பொண்ணு இங்கதான் நின்னுட்டு அழுவுது. அன்னிக்கு எனக்காகப் பாத்தியே ஒரு டாக்டரு, அவரு பேரென்னடா? இவங்களும் ஒரு எட்டுக் காட்டட்டும்."

எனக்கு அவர் பெயர் தெரியும். சொன்னால் அந்தப் பெண் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போவாள். வெள்ளகோவில் அம்மாவின் தம்பி சொல்லித்தான் வந்தோம், அந்த அம்மா காலை நீங்கள்தானே பார்த்தீர்கள் என்பாள். எங்கள் ஊரில் யாரும் சொல்லாமல் போகமாட்டார்கள். அவர், "இல்லையே" என்பார். அந்த 'இல்லை' மூன்றாவது நாள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவளிடம் வந்து சேரும்.

"கேக்குதாடா?"

"கேக்குதுங்க்கா. பேரு... எங்கியோ எழுதி வெச்சேன். தேடிப் பாத்துச் சொல்றனுங்க்கா."

அந்தப் பக்கம் அவள் யாருக்கோ சொல்வது கேட்டது: "தேடிச் சொல்றேங்கறான், அழுவாத கண்ணு." பிறகு என்னிடம்:

"அவங்களுக்குத்தான் அவசரம், வெரசாத் தேடு. எனக்கென்ன, நான் எங்க போயிரப்போறேன்?"

சிரித்தாள். நான் எழுதியதற்கெல்லாம் சிரிக்காதவள். போனை வைத்த பிறகு அலமாரி வரைக்கும் போனேன். அதைத் திறக்கவில்லை. அந்தப் பெண்ணுடைய அப்பாவுக்கு எந்தக் கிழமை ஆப்பரேஷன் என்று நான் கேட்டுக்கொள்ளவும் இல்லை.